ரோசம்மாள் ஷாக் அப்சார்பர் பார்க்கப் போனது

அது பதினோரு வினாடி வீடியோ. முதல் தடவை பார்த்தபோது ரோசம்மாள் கையில் பாதி நறுக்கிய வெண்டைக்காய் இருந்தது. சிவப்புக் கார் ஒன்று வளைவுக்குள் வருகிறது. அதன் பின்பக்கம் விலகி முன்னால் வரப் பார்க்கிறது. இரண்டு சுற்றுச் சுற்றிப் புல்லில் இறங்கி, அடுக்கி வைத்த டயர்ச் சுவருக்கு இரண்டு முழம் தள்ளி நிற்கிறது. புழுதி கிளம்புகிறது, யாரோ சிரிக்கிறார்கள். மில் முதலாளி வீட்டுப் பையன் ஹரிகிருஷ்ணன் அதைத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டு, கீழே ‘அண்ணனின் பம்பரம்’ என்று எழுதியிருந்தான்.

அந்தச் சிவப்புக் கார் இப்போது அவள் வீட்டு வாசலில் நின்றது. பம்பரம் விட்ட அண்ணன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியவரிடம் “எப்படி இருந்துச்சு” என்று கேட்டதற்கு, “வண்டி நல்லா ஓடுச்சு” என்று சொல்லிவிட்டு மூன்று தோசை தின்றவர்.

ரோசம்மாள் வீடியோவை ஏழு தடவை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவர் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது.

அவளுக்குப் பயம் புதிதில்லை. கான்சாபுரத்தில் பிறந்து, இருபது வயதில் பட்டாளத்துக்காரன் பால்துரையைக் கட்டிக்கொண்டு இராஜபாளையம் வந்தவள். பால்துரைக்குப் பட்டாளத்தில் வண்டி மெக்கானிக் வேலை. லடாக்கில் லே பக்கம் பனிப் பாதையில் லாரி பள்ளத்தில் உருண்டால், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அதை மேலே இழுத்துக் கொண்டுவரும் கூட்டத்தில் அவர் ஒருவர். அந்த வருஷங்களில் தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே அவள் வாசலுக்கு வந்து நிற்பாள். நாயப் சுபேதாராக ஓய்வு பெற்று, ஸ்பின்னிங் மில்லில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவர் சேர்ந்த அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நிம்மதிக்கும் ஆயுசு கொஞ்சம்தான். மில் ஷெட்டில் என்ஜின் இறுகி, கோழி அடைந்து கிடந்த ஒரு ரெண்டு சீட் வெளிநாட்டுக் காரை ‘எடுத்துட்டுப் போங்கண்ணே’ என்று ஹரிகிருஷ்ணன் தள்ளிவிட, பால்துரை அதை ஒரு வருஷம் கழற்றி மாட்டி ஓட வைத்துவிட்டார்.

ஓட வைத்ததோடு விட்டாரா. வருஷத்துக்கு மூன்று தடவை ஹரிகிருஷ்ணனோடு கோயம்புத்தூருக்குக் கிளம்பினார். ரேஸ் இல்லையாம், ஜெயிப்பு தோற்பு இல்லையாம். ரேஸ் டிராக்கை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, அவரவர் சொந்தக் காரை இருபது நிமிஷம் இருபது நிமிஷமாக முடிந்த வேகத்தில் விரட்டிப் பார்ப்பார்களாம். ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் நிற்கும் என்றார். ஆம்புலன்ஸ் நிற்கும் என்று அவர் சொன்னது அவள் தைரியத்துக்கு. அவளுக்கு அது மட்டும்தான் மனசில் நின்றது. பட்டாளத்திலாவது சம்பளம் கொடுத்துப் பயமுறுத்தினார்கள். இதற்கு நாமே கட்டணம் கட்ட வேண்டும்.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். போனை அவர் பேப்பருக்கு மேலே வைத்தாள்.

பால்துரை பதினோரு வினாடியும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது சின்ன ஸ்பின்னுதான்ட்டி, வண்டி சுத்துறது. எல்லாருக்கும் ஆவுறதுதான்.”

“நல்லா ஓடுச்சுன்னு சொன்னீயளே.”

“ஓடத்தான செஞ்சுது.”

“ஆமா, வட்டமா ஓடிச்சு.”

அவர் போனை அவளிடமே நீட்டினார். போகாதீர்கள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மதுரைக்கு ஸ்பேர் வாங்கப் போகிறேன் என்று கிளம்புவார், கோயம்புத்தூரில் நிற்பார். சொல்லிவிட்டுப் போகிற பயத்தைவிடச் சொல்லாமல் போகிற பயம் பெரிது.

“நான் நிப்பாட்டச் சொல்லல. அடுத்தது எப்ப?”

“ரெண்டு மாசம் இருக்கு.”

“அதுக்குள்ள வண்டிக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆனா மாட்டப் போற சாமான் எதுக்கு, என்ன செய்யும்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லணும். எனக்குப் புரியாத சாமான் ஒண்ணு வண்டியில ஏறக் கூடாது.”

“ஒனக்கு எதுக்குட்டி அதெல்லாம்?”

“மிக்சி வாங்கவே நாலு கடை ஏறி இறங்குனவ நான். இது ஒங்க கழுத்து.”

இரண்டாம் நாள் ஹரிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தான். முப்பத்திரண்டு வயசு, சிரித்த முகம். ஸ்டேட்டஸை எடுத்துவிட்டிருந்தான். முறுக்கும் காபியும் வைத்துவிட்டு ரோசம்மாள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா, அண்ணே மேல தப்பே கிடையாது. ஷாக் அப்சார்பர் பழசு. காயில்ஓவர் போட்டாச்சுன்னா தரையில ஒட்டுன மாதிரி நிக்கும்.”

“அது என்ன ஓவர்?”

“ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணாச் சேந்த செட்டுக்கா. உயரம் கூட்டலாம், கொறைக்கலாம். கெட்டி பண்ணலாம், எளக்கலாம். நான் போட்டிருக்கது பத்து கிலோ ஸ்பிரிங்கு. அண்ணனுக்கும் அதே சொல்லிட்டேன்.”

“பத்து கிலோன்னா? ஸ்பிரிங்கோட எடையா?”

“இல்லக்கா. அத ஒரு மில்லிமீட்டர் அமுக்கணும்னா பத்து கிலோ பாரம் வைக்கணும். அம்புட்டு கெட்டி.”

“இப்ப இருக்கது எம்புட்டு?”

“நாலு இருக்கும்.”

“நாலுல சுத்துன வண்டி பத்துல ஏன் சுத்தாது?”

“கெட்டியா இருக்கும்லக்கா.”

“எங்க வீட்டுக் கட்டிலும் கெட்டியாத்தான் இருக்கு.”

ஹரிகிருஷ்ணன் முறுக்கை உடைத்தான். “நீங்க எங்கம்மா மாதிரியே கேக்கீங்கக்கா. அவங்களும் எதுக்கெடுத்தாலும் தெலுங்குல எந்துகு, ஏன், ஏன்னு.”

“அவிய கேட்டதுக்காவது பதில் சொன்னியா?”

பால்துரை பேப்பருக்குப் பின்னால் சிரிப்பை அடக்கினார். ஆனாலும் பத்து கிலோ அவர் மண்டையில் ஏறிவிட்டது என்று ரோசம்மாளுக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே காரைச் சுற்றிச் சுற்றி வந்து, சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் விரல் வைத்து அளந்துகொண்டிருந்தார். வண்டியை எவ்வளவு இறக்கலாம் என்று பார்க்கிறார்.

அந்த வாரம் முழுக்க அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்த்தாள். ஒருத்தன் கெட்டிதான் நல்லது என்றான். இன்னொருத்தன் கெட்டி போட்டால் மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு எம்பும், எம்பின சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது என்றான். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பால்துரை குறை சொல்லாமல் சாப்பிட்டார். குறை சொல்கிற நிலைமையில் அவர் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இசக்கிமுத்து என்று ஒருவன் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்தான். கோயம்புத்தூரில் ராலி ரேஸ் வண்டிகளுக்கு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அவனிடம் காட்டிவிட்டுத்தான் ஆர்டர் என்று ரோசம்மாள் சொல்லிவிட்டாள். திங்கள்கிழமை காலை அவளும் காரில் ஏறினாள். ஏறினாள் என்பதைவிட இறங்கினாள் என்று சொல்லலாம். மணைப் பலகை உயரத்தில் சீட்டு. பக்கத்தில் போன ஆட்டோவின் சக்கரம் அவள் கண்ணுக்கு நேராக ஓடியது.

பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வண்டி தன் உடம்பை என்ன செய்கிறது என்று மட்டும் கவனித்தாள். வேகத்தடையில் தூக்கிப் போட்டது. அது பரவாயில்லை, இரண்டு தடவை குதித்து அடங்கியது. ஆனால் மாடு குறுக்கே வந்து பிரேக் பிடித்தபோது, பின்பக்கம் யாரோ இடுப்பில் இடித்துத் தள்ளிய மாதிரி ஒருச்சாய்ந்து திரும்பி வந்தது. ரோடு அந்த இடத்தில் மொழுமொழுவென்று இருந்தது.

“இன்னொரு தடவ பிரேக்கப் புடிங்க.”

“எதுக்குட்டி?”

“புடிங்கன்னா புடிங்க. பின்னால யாரும் வரல.”

பிடித்தார். மறுபடியும் அதே இடி, அதே பக்கம்.

“இது தெரியுதா ஒங்களுக்கு?”

“வண்டின்னா கொஞ்சம் அசையத்தான் செய்யும்.” அவர் அதற்குப் பழகிப்போயிருந்தார். தினம் ஓட்டுகிறவருக்கு அது வண்டியின் சுபாவம்.

இசக்கிமுத்து வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “மிலிட்டரி அண்ணாச்சி, பத்து கிலோவா? ஹரி போன் பண்ணுனாரு” என்றான். ஒவ்வொரு மூலையையும் அமுக்கி விட்டுப் பார்த்தான். “ஷாக்கு போச்சு. பின்னாடி ரெண்டும் எண்ணெ கசியுது. மாத்தத்தான் வேணும்.”

“எப்பா, பள்ளத்துல இது ரொம்ப ஆடல,” என்றாள் ரோசம்மாள். “பிரேக்கு புடிச்சாத்தான் ஆடுது. வழுவழுன்னு இருக்க ரோட்டுல. எடது பக்கமா இடுப்ப ஒடிக்கிது.”

இசக்கிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தான். சிரிக்கப் போனவன் சிரிக்கவில்லை.

“பிரேக்லயா?”

“ரெண்டு தடவ புடிக்கச் சொல்லிப் பாத்தேன்.”

“அப்ப தூக்கிப் பாத்துருவோம் மதினி.”

காரை லிஃப்டில் ஏற்றித் தலைக்கு மேலே தூக்கினான். சக்கரத்தை உடம்போடு பிடித்து வைக்கும் இரும்புக் கைகள் அடியில் தெரிந்தன. நீளக் கம்பி ஒன்றைச் செருகி நெம்பினான். அசையக் கூடாத கை ஒரு விரற்கடை அசைந்தது. இன்னொன்றை நெம்பினான், அதுவும் அசைந்தது. கை மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை விரலால் அழுத்தினான். உள்ளே போனது.

“என்ன அண்ணாச்சி இது. ரப்பரு களி மாதிரி இருக்கு.”

ரோசம்மாளும் கிட்டே போய்த் தொட்டாள். பிசுபிசுவென்று கறுப்பு விரலில் ஒட்டியது. ஊதிப்போய், ஓரத்தில் வெடித்து, இரும்பை விட்டு விலகி நின்றது. மோந்து பார்த்தாள்.

“குக்கர் கேஸ்கட்டுல எண்ண பட்டுக்கிட்டே இருந்தா இப்படித்தான் ஊதி மெத்துன்னு ஆவும். பொறவு மூடியில நிக்காது. இதுல எவன் எண்ண ஊத்துனது?”

பால்துரை லிஃப்ட் தூணில் எழுதியிருந்த எழுத்தை ரொம்ப அக்கறையாகப் படித்தார்.

“எலினா அப்பா,” மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

“எண்ண இல்ல,” என்றார். “கிரீஸ்.”

“எப்ப?”

“ஞாயித்துக்கிழம. சர்ச்சு முடிஞ்சு வந்து. பிரஷ்ஷால தடவி விடுவேன்.”

“வாராவாரமா?”

“வாங்குனதுலருந்து.”

இசக்கிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான். “மிலிட்டரி லாரியில கிரீஸ் அடிக்க நிப்பிளுன்னு ஒரு மூக்கு வச்சிருப்பான், அடிப்பீய, சரி. இதுல நிப்பிளே கிடையாதே அண்ணாச்சி.”

“அதான். வைக்க மறந்துட்டான்னு நெனச்சேன்.”

“யாரு, வண்டி செஞ்சவனா?”

“மனுசந்தான அவனும்.”

இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரோசம்மாளுக்கு வரவில்லை. ஞாயிறு மத்தியானங்கள் ஒவ்வொன்றும் கண்ணில் வந்தன. கறிக்குழம்பு கொதிக்கும், அவர் பழைய லுங்கியோடு காருக்கடியில் படுத்திருப்பார். வெளியே எங்கும் போகாமல் வண்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாரே என்று அவளே மோர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

“பத்து கிலோ ஸ்பிரிங்க இதுக்கு மேல போட்டிருந்தா என்னப்பா ஆயிருக்கும்?”

இசக்கிமுத்து சிரிப்பை நிறுத்தினான். “மேல கெட்டியா நிக்கும் மதினி. பாரமெல்லாம் இந்த ரப்பரு மேலதான் விழும். சக்கரம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கும். அந்த வேகத்துல…” அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

ரோசம்மாள் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தாள். டீ வேண்டும் என்று சொன்னாள். டீ வந்ததும்தான் பேச்சு வந்தது.

“முதல்ல அம்புட்டு ரப்பரும் புதுசு. பொறவு ஸ்பிரிங்கு பேசுவோம்.”

“ரப்பருக்குப் பதிலா பாலியூரித்தேன்னு ஒண்ணு இருக்கு மதினி. இன்னும் கெட்டி. என்ன, அதுக்குன்னு தனிக் கிரீஸ் அப்பப்ப போடணும்.”

“கிரீஸே வேண்டாத சாமானக் குடு. இவியளுக்கு இனிமே தலைக்குத் தேங்கா எண்ண மட்டுந்தான்.”

ஸ்பிரிங்குக்கு வந்தார்கள். இசக்கிமுத்து இரண்டு செட் சொன்னான். ஒன்று ஹரிகிருஷ்ணன் சொன்ன பத்து கிலோ, இன்னொன்று ஆறு கிலோ. பத்து கிலோ என்பது மெழுகு மாதிரி ஒட்டுகிற ரேஸ் டயருக்கானது. ஹரிகிருஷ்ணன் அந்த டயரைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே மாட்டுகிறான். பால்துரை ஓட்டுவது சாதா ரோட்டு டயரில், போவதும் வருவதும் அதே வண்டியில். அதற்கு ஆறு போதும், ரொம்ப இறக்கவும் வேண்டாம் என்றான்.

“பத்து போட்டா இந்த டயரு தாங்காதா?” பால்துரை விடவில்லை.

“தாங்கும் அண்ணாச்சி. பிடிக்காது.”

“ஹரி பத்துதான் போட்டிருக்கான்.”

ரோசம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். “சரி. பத்தே போடுங்க. ஏன் பத்து, அத எனக்குச் சொல்லுங்க. பேசுனபடி.”

பால்துரை ஆரம்பித்தார். வளைவில் பாடி சாயாது என்றார். பிரேக்கில் மூக்கு குத்தாது என்றார். ஆறிலும் அது குறையும்தானே என்று கேட்டாள். குறையும் என்று இசக்கிமுத்து சொன்னான். பால்துரை இன்னும் இரண்டு சொல்லிப் பார்த்தார், இரண்டும் பாதியில் நின்றுவிட்டன. கடைசியில் லிஃப்டில் தொங்கும் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அவன் முன்னால போயிருதான். பின்னாலயே போறது எனக்குப் புடிக்கல.”

“அவனுக்கு முப்பத்திரண்டு. ஒங்களுக்கு அம்பத்தெட்டு. அதுக்கு ஸ்பிரிங்கு என்ன செய்யும்?”

அவர் களியாய்ப் போன ரப்பரை இன்னொரு தடவை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு இசக்கிமுத்துவிடம், “ஆறே போடுலே” என்றார்.

சாமான் வர மூன்று வாரம் ஆனது. மாட்டி, அலைன்மென்ட் பார்த்து, திரும்பி வரும்போது ரோசம்மாள் நாலு இடத்தில் பிரேக் பிடிக்கச் சொன்னாள். வண்டி அடிபணிந்து நேராக நின்றது. இடுப்பு ஒடியவில்லை. ஒரு வாரம் கழித்துப் பிளவக்கல் அணைப் பக்கம் போய் வந்தார்கள். கூமாப்பட்டி ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரிந்தது, ஆனால் ஒரு குதிக்கு மறு குதி இல்லை. “என்ன சொல்லுதே?” என்று பால்துரை கேட்டார். “நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. அதுதான் அவளைத் தின்றது. இதுவரை பயத்தை வைக்க ஓர் இடம் இருந்தது, ஷாக் அப்சார்பரோ ரப்பரோ ஏதோ ஒன்று. இனி வண்டி சுற்றினால் அது வண்டி இல்லை. அவர். வண்டி நன்றாக நிற்கிறது என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போக மாட்டாரா? நாமே வாங்கிக் கொடுத்துவிட்டோமோ? இதை யாரிடமும் சொல்லவில்லை. ஜெபக் கூட்டத்தில்கூடப் பொதுவாக ‘பிரயாணம்’ என்று மட்டும் சொல்லி வைத்தாள். விவரம் சொல்லியிருந்தால் நாற்பது பேர் புத்தி சொல்லியிருப்பார்கள்.

கோயம்புத்தூருக்கு இந்தத் தடவை அவளும் போனாள். டிராக்கில் காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொடுத்து, வண்டிகளை நிறுத்தும் ஷெட் பக்கம் நிழலில் உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்து நேர் ரோடு மட்டும் தெரிந்தது. கார்கள் ஒரு பக்கமிருந்து பாய்ந்து வந்து இன்னொரு பக்கம் மறையும். மறைந்த பிறகு சத்தம்தான்.

பால்துரை ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு போனார். சிவப்புக் கார் ஒரு தடவை வந்தது. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அவளுக்கு மனசிலேயே பிடிபட்டுவிட்டது. வெள்ளைக் கார் போகும், ஹரிகிருஷ்ணனின் கறுப்புக் கார் போகும், ஒரு மஞ்சள் போகும், பிறகு சிவப்பு. ஐந்தாவது தடவை வெள்ளை போனது. கறுப்பு போனது. மஞ்சள் வரவில்லை. சிவப்பும் வரவில்லை. மேடை மேல் கொடிகளோடு நின்றவர் சிவப்புக் கொடியை எடுத்து ஆட்டினார்.

எழுந்து நின்றாள். ஆம்புலன்ஸ்காரர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே என்றும் இருந்தது. சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கினாள்.

கார்கள் மெதுவாக, வரிசையாகத் திரும்பி வந்தன. வெள்ளை. கறுப்பு. இன்னும் இரண்டு. கடைசியில் சிவப்பு. மஞ்சள் கார் மண்ணில் இறங்கிச் சிக்கிக்கொண்டதாம், ஓட்டியவருக்கு ஒன்றுமில்லையாம், பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

பால்துரை இறங்கி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், கயிறாய் முறுக்கிக் கிடந்த தலைப்பை அவர் பார்த்துவிட்டார். பாதித் தண்ணீரைக் குடித்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ‘வண்டி நல்லா ஓடுச்சு’ என்பார். அதைக் கேட்கிற தெம்பு இல்லை.

“நாலாவது ரவுண்டுல கொஞ்சம் வழுக்கிருச்சு ரோசு,” என்றார் அவரே.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“வண்டியில கோளாறு இல்ல. வண்டி சொல்லுச்சு, நாந்தான் லேட்டா பிரேக் புடிச்சேன். ஹரி முன்னால போனானா, அவனப் பாத்துக்கிட்டே போயிட்டேன். புடிச்சு நிறுத்திட்டேன். சுத்தல.”

“எந்த எடத்துல?”

உள்ளங்கையை விரித்து விரலால் வளைந்த கோடு ஒன்று போட்டுக் காட்டினார். நேர் ரோடு முடிந்து வலது பக்கம் திரும்பி, உடனே இடது பக்கம். இரண்டாவது திருப்பத்தில் விரலை வைத்து அழுத்தினார். போன தடவை சுற்றினதும் அங்கேதான் என்றார்.

“மத்தியானமும் உண்டா?”

“உண்டு. பதினொன்னரைக்கு ஒண்ணு, ரெண்டு மணிக்கு ஒண்ணு.”

“அவன முன்னால போக விட்ருங்க.”

“விட்டுட்டேன். பத்து நிமிசம் கழிச்சுத்தான் உள்ள போவேன்னு சொல்லிட்டேன்.”

எலுமிச்சைச் சாதத்தைப் பாதி மட்டும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். வயிறு முட்டத் தின்றுவிட்டு இதில் உட்காரக் கூடாது. அவர் சாப்பிடும்போது, கொடிக்காரரிடம் போய் அந்த இரண்டாவது திருப்பம் எங்கிருந்து தெரியும் என்று கேட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் பத்து நிமிஷம் நடக்க வேண்டும், அங்கே நிழல் கிடையாதும்மா, இங்கேயே இருங்கள் என்றார் அவர்.

ரோசம்மாள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். நீல நாற்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வேலி ஓரமாக நடந்தாள்.